ஏழாவது கேள்வி

ஏழாவது கேள்வியில் காகித ஆலை சூப்பர்வைசர் மாட்டிக்கொண்டார்.

அதுவரை ஆறு கேள்விகளுக்கும் கடகடவென்று பதில் சொல்லிக்கொண்டு வந்தவர்தான். ஏழாவது, எல்லாவற்றிலும் சுலபமானது. கடவுள் தம்முடைய குமாரனை இந்த உலகத்துக்கு ஏன் அனுப்பினார்? ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்.

அவர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

சபை அலுவலகத்தில் மேஜைக்கு இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேர்: போதகர், மூப்பர், சபைச் செயலாளரான நான். அந்தப் பக்கம் அவர் ஒருவர். ஞானஸ்நானம் வாங்க வருகிறவர்களை இப்படி உட்கார வைத்து எட்டுக் கேள்வி கேட்பது எங்கள் சபை வழக்கம். மூன்று பேருக்கும் திருப்தி என்றால் வருகிற ஞாயிறே ஞானஸ்நானம். ஒருவருக்கு இல்லை என்றாலும் அடுத்த வருஷம்தான்.

போன வருஷமும் இவர் இதே கேள்வியில்தான் எழுந்து போனார். இந்தத் தடவையும் முடியாவிட்டால் இனிமேல் சபைப் பக்கமே வரமாட்டேன் என்று போதகரிடம் சொல்லியிருந்தாராம்.

போதகர் இளகிய மனசுக்காரர். எடுத்துக் கொடுத்தார். மனுஷன் பாவக் குழியில் விழுந்து கிடந்தான், தானாக ஏறி வர அவனால் முடியாது, மேலேயிருந்து ஒருவர் இறங்கித்தான் தூக்க வேண்டும், அதற்குத் தகுதியானவர் ஒரே ஒருவர்தான், அவரோ பிதாவுக்கு ஒரே பிள்ளை, இருந்தாலும் பிதா நம்மேல் வைத்த... என்று இழுத்துவிட்டு, மீதியை அவரே சொல்லட்டும் என்று காத்திருந்தார்.

குழி என்றதும் மூப்பர் இருமினார். போயும் போயும் இந்த மனிதரிடமா குழியைப் பற்றிப் பேசுவது? பேச்சு வேகத்தில் போதகருக்கு அது ஞாபகமில்லை.

நான்கு வருஷத்துக்கு முன்னால் காகித ஆலையின் கழிவுத் தொட்டிக்குள் விஷவாயு தாக்கி மூன்று பேர் செத்துப்போனார்கள். முதலில் இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இரண்டாமவர், அவரைத் தூக்க மூன்றாமவர். மேலே நின்றுகொண்டிருந்தது இந்த சூப்பர்வைசர். ஆலையில் முகமூடியோடு கூடிய காற்று சிலிண்டர் ஒன்றே ஒன்று இருந்தது. அதுவும் காலியாகக் கிடந்ததால் மேற்கொண்டு யாரையும் இறங்க விடவில்லை என்று விசாரணையில் சொன்னார்.

சரிதானே? விட்டிருந்தால் நாலாவதாகவும் ஒருவர் போயிருப்பார். ஊரே அப்படித்தான் சொன்னது. நானும் சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் அவர் சபைக்கு வர ஆரம்பித்தார். கடைசி பெஞ்சில் உட்காருவார். என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொள்வார். கூச்ச சுபாவம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

எனக்கு எரிச்சலாக வந்தது. வீட்டில் போட்டது போட்டபடி கிடக்கிறது. அன்பினால் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துபோகும் விஷயம். சொல்லித் தொலையுங்களேன் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

நம்பிக்கை இல்லையா என்று போதகர் மெதுவாகக் கேட்டார். இருக்கிறது என்றார். அனுப்பினார் என்று நம்புகிறேன், எப்படி அனுப்பினார் என்பதுதான் விளங்கவில்லை என்றார். பிறகு மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“சிலிண்டர் காலி இல்லைங்கய்யா. ஃபுல்லா இருந்துச்சு. என் பையனுக்கும் அன்னிக்கு அதே ஷிப்ட். மாஸ்க்கை மாட்டிக்கிட்டு, இறங்குறேன்பான்னு நின்னான். நான்தான் சட்டையப் பிடிச்சு இழுத்துட்டேன். எனக்கு அவன் ஒருத்தன்தான். ரெண்டாவதா இறங்குனவரு கை அப்பவும் அசைஞ்சுக்கிட்டு இருந்துச்சு. பார்த்துக்கிட்டேதான் நின்னேன். எனக்கு மனசு வரல. கடவுளுக்கு எப்படிய்யா மனசு வந்துச்சு?”

மூப்பர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். போதகர் சூப்பர்வைசரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

இரண்டாவதாக இறங்கியவர் என் வீட்டுக்காரர்.

அவரை யாரும் அனுப்பவில்லை. டீ குடித்துக்கொண்டிருந்தவர், டம்ளரை வைத்துவிட்டு ஓடினாராம்.

இறங்கின மாத்திரத்தில் உயிர் போயிருக்கும், ஒன்றும் தெரிந்திருக்காது என்று எனக்கு நானே சொல்லிச் சொல்லித்தான் இந்த நாலு வருஷமும் தூங்கினேன். இப்போது கை அசைந்தது என்கிறார். எழுந்து அந்த மனிதரை ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போலிருந்தது. கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

என் பையனுக்கு இப்போது பதினேழு வயசு. அந்த முகமூடியை மாட்டிக்கொண்டு அவன் நின்றிருந்தால் என்ற நினைப்பு, கூப்பிடாமலே வந்து தொலைத்தது. விரட்டிப் பார்த்தேன். போகவில்லை.

எட்டாவது கேள்வி செயலாளர் கேட்க வேண்டியது. பாவமன்னிப்பு உண்டு என்று நம்புகிறீர்களா என்பது அது. இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாமா அம்மா என்று போதகர் தணிந்த குரலில் கேட்டார். வேண்டாம் என்றேன்.

ஆனால் அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. ஆத்திரம் அடங்கிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். இன்றுவரை அடங்கவில்லை. தேறியவர்களிடம் கடைசியில் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்.

“ஞாயித்துக்கிழமை காலைல எட்டு மணிக்கு வந்துடுங்க. மாத்துத் துணி எடுத்துட்டு வாங்க. பையனையும் கூட்டிட்டு வாங்க.”