ஐந்து விரல்

கிளினிக் ஜன்னல் வழியே குழந்தையின் வெற்று முதுகில் வெயில் விழுகிறது. விரித்த கையொன்றின் தடம் அங்கே சிவந்து கொப்பளித்திருக்கிறது. "அடிக்கவே இல்லைன்னு சாதிக்கிறா டாக்டர்," என்று கணவன் மனைவியைப் பார்வையாலேயே எரிக்கிறான். டாக்டரம்மா, நகக்கண்ணெல்லாம் வெளுத்திருக்கும் அவள் கையைப் பிடித்து, தோலில் படாமல் தடத்தின் மேல் விரித்துப் பார்க்கிறார். ஐந்து விரலும் பொருந்துகின்றன. "என்ன வேலைம்மா பாக்குறீங்க?" "ஜூஸ் கடையில எலுமிச்சம்பழம் பிழியறேன்." "அந்தக் கையோடயே இவனைத் தூக்குனீங்களா?" "முந்தாநாள் கடைக்கு வந்து அழுதான். வெக்கைன்னு சட்டையைக் கழட்டி, கொஞ்ச நேரம் அணைச்சு வச்சிருந்துட்டு, வெயில்ல விளையாட விட்டேன்." டாக்டரம்மா கணவன் பக்கம் திரும்புகிறார். "இது அடி இல்லைங்க. எலுமிச்சைச் சாறு பட்ட தோல்ல வெயில் அடிச்சா இப்படித்தான் வெந்துபோகும்." அவன் தரையைப் பார்க்கிறான். குழந்தை தூக்கச் சொல்லி அம்மாவிடம் கைகளை நீட்டுகிறது. அவள் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறாள்.