மாடிப்படியில் காலடி

வேலைக்குப் போய்க்கொண்டே கம்ப்யூட்டர் சயின்ஸில் முதுகலை படித்தேன். சனி, ஞாயிறு என்றால் மாடி அறைதான், சாப்பாடும் அங்கேதான். "எப்பம்மா கீழ வருவே?" என்று கேட்டுக்கொண்டிருந்த மகள், பிறகு கேட்பதையே விட்டுவிட்டாள்.

கடைசி புராஜெக்டுக்காக, காலடிச் சத்தத்தைக் கேட்டு ஆளைச் சொல்லும் புரோகிராம் எழுதினேன். மாடிப்படியில் பழைய செல்போனை வைத்து, எங்கள் மூவரின் நடையையும் அதற்குப் பழக்கினேன். யார் நடந்தாலும் லேப்டாப் சரியாகச் சொன்னது. "இனிமே திருட்டுத்தனமா இறங்கி ஃப்ரிட்ஜைத் திறக்க முடியாது" என்று சலித்துக்கொண்டார் கணவர்.

புராஜெக்டை ஒப்படைத்த பிறகு வந்த முதல் ஞாயிறு, மத்தியானச் சாப்பாட்டுக்குக் கீழே வந்து அவர்களோடு உட்கார்ந்தேன். படியிலிருந்த செல்போனை இன்னும் எடுக்கவில்லை. லேப்டாப்பும் சாப்பாட்டு மேசை ஓரத்தில் திறந்தே கிடந்தது. பாதிச் சாப்பாட்டில் திரையில் எழுத்து வந்தது: 'அம்மா இறங்குகிறார்.'

"புரோகிராம் சொதப்புது" என்றேன்.

கணவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இல்லையே, அவ வர்ற நேரம்தான்" என்றார்.

மகள் எழுந்துபோய் இன்னொரு தட்டு எடுத்துவந்தாள். என் பக்கத்தில் நின்று மரியாதையாகச் சொன்னாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க. இது அம்மா இடம்."