நாலாம் நம்பர்

பங்களா வேலைக்காரர் அற்புதராஜ் படித்தது இரண்டாம் வகுப்பு வரைதான். ஆனாலும் ஹாலிஎல தோட்டத்துப் பங்களாவில் முதலாளி ஐயாவின் ஐந்து துப்பாக்கிகளுக்கும் கணக்குக் கொப்பி எழுதியது அவர்தான். காலையில் தோட்டத்து ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெரட்டில் பேர் போடுகிற மாதிரி, சனிக்கிழமைதோறும் எண்ணெய் போட்டு முடித்ததும், இருக்கிற துப்பாக்கிக்குக் கோடு போடுவார், இல்லாததற்கு முட்டை போடுவார்.

போன வெள்ளத்தில் ஐயாவையும் நாலாம் நம்பரையும் ஆறு கொண்டுபோனது. ஐயாவின் உடல் கிடைத்தது, துப்பாக்கி கிடைக்கவில்லை. அன்றிலிருந்து நாலுக்கு முட்டைதான். இந்தச் சனிக்கிழமை பார்த்தால், அந்த முட்டைகள் எல்லாம் கோடாக இருந்தன.

"திங்கக்கெழம லைசன் பாக்க வாராங்க. இல்லாத துப்பாக்கிய இருக்குன்னு எழுதி என்னைய உள்ள தள்ளப் பாக்குறியா, பவுலினா?"

"பேனா புடிக்கத் தெரிஞ்சா நான் ஏங்க இந்தக் குசினியில கெடக்குறேன்?" என்றாள் சமையல்காரி.

அவர் நம்பவில்லை. புதிதாக முட்டை போட்டு, கொப்பியைத் துப்பாக்கி அலமாரிக்குள்ளேயே வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டார்.

திங்கட்கிழமை லைசன் பார்க்க வந்த அதிகாரியின் முன்னால் அவரே அலமாரியைத் திறந்தார். அதிகாரி விரல்விட்டு எண்ணினார்.

"கொப்பியில அஞ்சு கோடு, இங்க அஞ்சு துப்பாக்கி. எல்லாம் சரி. ஆனா பெரியவரே, தொடைக்காம வைக்கலாமா?"

நாலாம் நம்பரின் குழலிலிருந்து ஆற்றுமணலோடு தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.