எல்லாருக்கும் ஒரே ஹெடர்

“நான்தான் முதல்ல!” செல்போனில் ‘ரிப்போர்ட்’ பட்டனைத் தட்டிவிட்டுச் சிரித்தான் சிக்கனம்.

“சரி சரி, நீங்கதான். ஒரு நொடியில என்னண்ணா குடியா முழுகிப் போகும்?” என்றபடி பக்கத்து சீட் வாயாடியும் தட்டினாள்.

ரத்தப் பரிசோதனை லேப் ஒன்றுக்கு ஆப் செய்துகொடுத்தது இவர்கள் கம்பெனி. அதற்குப் பிரதியுபகாரமாக ஊழியர் வீட்டில் ஒருவருக்கு இலவசப் பரிசோதனை. இவன் மனைவியை அனுப்பியிருந்தான், வாயாடி தன் அம்மாவை. ரகசியம் காக்கிறோம் பேர்வழி என்று ரிப்போர்ட்டில் பெயர்கூடப் போடுவதில்லை.

‘புற்றுநோய் அறிகுறி. உடனே மருத்துவரைப் பார்க்கவும்.’

சிக்கனத்தின் சிரிப்பு பாதியில் நின்றது. வீட்டில் எந்த வாயால் சொல்வது என்று மேஜையையே வெறித்தான். வாயாடி வாயே திறக்காததைக் கவனிக்கும் நிலையில் அவன் இல்லை.

மேனேஜர் பாய்ந்து வந்தார். “யோவ், என்னய்யா கூத்து இது? ஒரு பெரியவர் போன் பண்ணி காய்ச்சி எடுக்கறார். அவருக்கு மூணு மாசக் கர்ப்பமாம்!”

சிரிக்கத் தெம்பில்லாமல் அவன் தன் புரோகிராமைத் திறந்தான். சர்வருக்குப் போகும் ஒவ்வொரு கேள்வியோடும் ‘கேட்பவர் இன்னார்’ என்று சொல்ல ஒரு ஹெடர் ஆப்ஜெக்ட் போக வேண்டும். காசா பணமா, கேள்விக்கு ஒன்று புதிதாக உண்டாக்கலாம். ஆபீஸ் வைத்த பட்டப்பெயருக்குப் பங்கம் வராமல் இவன் ஒன்றே ஒன்றை உண்டாக்கி, ஆள் வர வர அதிலேயே பெயரை மாற்றி எழுதவிட்டிருந்தான். ஒரே டிக்கெட்டில் பஸ் முழுக்க ஆள் ஏற்றிய சாமர்த்தியம்.

“சார்! ரெண்டு பேர் அடுத்தடுத்துத் தட்டினா, முதல் ஆள் கேள்வி கிளம்பறதுக்குள்ள ரெண்டாவது ஆள் பேர் அதுல ஏறிடுது. ரெண்டு பேருக்குமே பின்னாடி தட்டினவர் ரிப்போர்ட்தான் வரும்!”

“இதைச் சந்தோஷமா வேற சொல்றியா?”

அது அவன் காதில் ஏறவில்லை. சரிசெய்துவிட்டு மறுபடி போனைத் தட்டினான்.

‘குறை எதுவும் இல்லை.’

“என் பொண்டாட்டிக்கு ஒண்ணுமில்ல சார்! அது வேற யாரோடதோ!” நாற்காலி பின்னால் உருண்டு ஓட, எழுந்து நின்று கத்தினான்.

வாயாடி தன் போனை மெல்ல அவன் பக்கம் திருப்பினாள். அவன் முதலில் பார்த்த அதே வரி. மறுபடி தட்ட அவளுக்குத் துணிவு வரவில்லை.

“அண்ணா... முதல்ல தட்டினது நான்தானே?”