சிரித்தால் மட்டும்

எதிரே ஒரு முகம் சிரித்தால்தான் தணிகைவேலின் சின்ன கேமரா தானாகப் படம் எடுக்கும். அதை மாற்றும் வித்தை அவனுக்குப் பிடிபடவில்லை. இந்த வருஷக் கல்யாண நாளன்று கேமராவை டிவி மேல் வைத்துவிட்டு, அவனைத் தனியாகச் சுவரோரம் நிறுத்தினாள் செங்கமலம்.

“கொஞ்சம் சிரிங்களேன். கல்யாண ஆல்பத்துலயே உம்முன்னுதான் நிக்கிறீங்க.”

“வர மாட்டேங்குதுடி. போட்டோல பல்லு தெரிஞ்சா எங்கப்பா தோலை உரிச்சிருவாரு.”

கால் மணி நேரம் அவன் உதட்டை இழுத்துப் பார்த்தான். கேமரா கல்லாக இருந்தது. சலித்துப்போய் விலகி, அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அப்போதுதான் கேமரா பளிச்சென்று மின்னியது. அதன் எதிரே யாருமில்லை. சுவரில் சந்தன மாலைக்குள் அப்பாவின் படம்தான் இருந்தது, அதே முறுக்கு மீசையோடு.

“மாமாவா?” என்றாள் செங்கமலம், வாயைப் பொத்திக்கொண்டு.

கேமராவை எடுத்துப் பார்க்கப் போனவளைக் கைப்பிடித்து நிறுத்தினான். சட்டையை இழுத்துவிட்டபடி அப்பாவின் கீழே போய் நின்றான். கடைவாய்ப் பல் வரைக்கும் தெரியச் சிரித்தான்.

கேமரா அடுத்தடுத்து இரண்டு முறை மின்னியது.