பிரேக் பிடிக்கும் கிட்டார்

அருளப்பன் தன் மாடியறையில் கிட்டார் ஒன்று செய்தார். உடம்புக்கு எண்ணெய் டின், தந்திக்குப் பழைய சைக்கிளின் பிரேக் கம்பி.

ஒரு பாட்டையாவது முழுசாகப் பாடிவிட டின்னுக்கு ஆசை. கம்பி விட்டால்தானே? கேட்க வந்தவர்கள் முன்னால் பாட்டு வேகமெடுத்ததும் கிறீச்சென்று நிறுத்திவிடும்.

“யோவ், அந்தச் சைக்கிள் பேரீச்சம்பழத்துக்குப் போயி ஆறு வருசமாச்சு!” என்று டின் கத்தியது.

“எதிர்ல இத்தனை பேர் இருக்காங்கண்ணே. இடிச்சிட்டா யார் பதில் சொல்றது?” என்றது கம்பி.

“இன்னொரு தடவை நின்னா ரெண்டு பேரையும் குப்பையில போட்டுடுவேன்” என்றார் அருளப்பன்.

டின் அவரிடம் கெஞ்சிக் கூத்தாடி, தன் இடுப்பில் ஒரு சைக்கிள் மணியை மாட்டிக்கொண்டது.

திருவிழா மேடையில் மணி கிணுகிணுத்தது. கம்பிக்குத் தைரியம் வந்தது. இறக்கத்தில் விட்ட சைக்கிள் மாதிரி பாட்டு கடைசி வரிவரை ஓடியது.

கைதட்டலுக்காக டின் நிமிர்ந்து பார்த்தது. மணிச் சத்தத்துக்கு ஒதுங்கி வழிவிட்ட கூட்டம் மொத்தமும் அடுத்த தெருவில் நின்றுகொண்டிருந்தது.