மேல போயிட்டா

“கமலாம்மா எங்க நைனா?” என்று சுதாகர் கேட்டான்.

“மேல போயிட்டா,” என்றேன்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. கூட வந்திருந்த வெள்ளைக்கார அம்மாவிடம் திரும்பி இங்கிலீஷில் சொன்னான். கையை நீட்டித் திருத்தணி மலையைக் காட்டினான்.

எங்கள் பக்கத்தில் மேலே என்றால் மலைதான். தெருவில் நின்றாலே கோபுரம் தெரியும்.

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

போன வருஷம் அடுப்பு கொடுக்க வந்தபோதும் இவள் வந்திருந்தாள். என் பெண்டாட்டி கமலா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இழுப்பு நின்றால் படியேறிப் போய் முருகனைப் பார்ப்பேன் என்று சொன்னாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் எத்தனையோ தரம் மூச்சு வாங்கினாள். வெள்ளைக்காரி அதை மறக்கவில்லை.

புகையில்லாத அடுப்பு. வெளிநாட்டுப் பணத்தில் வந்தது. தெருவில் பாதிப் பேருக்குக் கொடுத்தார்கள். இதனால் யாருக்காவது பலன் உண்டா என்று பார்த்த பிறகுதான் மீதிப் பேருக்குத் தருவார்களாம். அதைப் பார்க்கத்தான் இன்றைக்கு வந்திருக்கிறார்கள்.

சுதாகர் பள்ளிப்பட்டுப் பையன். அந்த டிரஸ்டில் வேலை. வண்டியை விட்டு இறங்கியதுமே என் காதோரம் வந்து சொல்லிவிட்டான்.

“எடக்கு மடக்கா பேசிடாதீங்க நைனா. இவங்க நல்லபடியா எழுதிக்கினு போனாதான் எனக்கு வேலை நிக்கும்.”

“கேக்கறதுக்குச் சொல்றேன். மேல ஒரு வார்த்தை பேசமாட்டேன்.”

இப்படி வருகிறவர்களை எனக்குப் பிடிக்காது. கேள்வியோடு பதிலையும் வீட்டிலேயே கட்டி எடுத்துக்கொண்டு வருவார்கள்.

உள்ளே போனோம்.

புகை வருகிறதா? வருவதில்லை.

ராத்திரியில் இருமல்? இல்லை.

இழுப்பு? நின்றுவிட்டது.

ஒவ்வொரு பதிலுக்கும் சுதாகர் குரல் ஏறிக்கொண்டே போனது. அந்த அம்மா கையில் இருந்த டேப்லெட்டில் தட்டிக்கொண்டே இருந்தாள்.

பிறகு குனிந்து அடுப்புக்குள் விரலை விட்டுத் தடவினாள். கரி ஒட்டவில்லை. எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறீர்கள் என்றாளாம்.

அந்த அடுப்பின் வாய் சின்னது. விறகைச் சிராய் சிராயாகப் பிளந்துதான் போட வேண்டும். இழுப்புக்காரியால் எப்படி முடியும்? நான்தான் பிளந்து வைப்பேன். நான் வெளியே போன நாளில் பழைய மண் அடுப்புதான் எரியும்.

கடைசியாகப் பிளந்த விறகு மூலையில் அப்படியே கிடந்தது. விறகை யார் பிளப்பது என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வெளியே வந்தோம். பக்கத்து வீட்டு ஜெயம்மா தன் வாசல்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அடுப்பு கிடைக்காத பாதியில் அவளும் ஒருத்தி. அவளுக்கும் இருமல்தான்.

“பாத்தியாக்கா, வாசல் தாண்ட முடியாம கெடந்தவங்க, இன்னிக்கு மலையேறிட்டாங்க! அடுத்தது உனக்குத்தான்,” என்றான் சுதாகர்.

ஜெயம்மா என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். இருமல் வந்துவிட்டது. இருமி முடித்தபோது சொல்ல வந்ததை விட்டுவிட்டாள்.

“ஆங்,” என்றாள்.

கமலா இறங்கி வரும்வரை காத்திருக்கலாமா என்று வெள்ளைக்காரி கேட்டாள். பொதட்டூர்பேட்டையில் இன்னும் வீடுகள் பாக்கி இருக்கின்றன, நேரமாகிவிடும் என்றான் சுதாகர். அப்படியானால் இவரையாவது அடுப்போடு ஒரு படம் எடு என்றாள்.

அடுப்பைத் தூக்கி வந்து வெயிலில் வைத்தார்கள். பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு என்னை உட்கார வைத்தார்கள்.

சுதாகர் போனை நீட்டிப் பிடித்தான். காலையிலிருந்து நான் துண்டை முக்காடாகப் போட்டுக்கொண்டிருந்தேன்.

“மூஞ்சி தெரியல. முக்காட்டை எடுங்க நைனா.”

எடுத்தேன்.

“அட, மொட்டை! சொல்லவேயில்ல பாரு. புருஷனும் பொண்டாட்டியும் சேந்தே வேண்டிக்கினீங்களா?” என்று சிரித்தான்.

எங்கள் ஊரில் மொட்டைத் தலையைப் பார்த்து யாரும் ஏன் என்று கேட்பதில்லை. பஸ்ஸில் ஏறினால் பாதித் தலை அப்படித்தான் இருக்கும்.

மலையில் மழித்தால் சந்தனம் பூசி அனுப்புவார்கள். ஏரிக்கரையில், காரியத்துக்கு மழித்த தலைக்கு யாரும் பூசுவதில்லை.

எனக்கு நேற்று மழித்தார்கள். பிள்ளை இல்லாத வீடு. எல்லாம் நானே செய்தேன்.

போனுக்குள் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவன் சிரிப்பை நிறுத்தினான். போனை இறக்கினான். என் தலையைப் பார்த்தான். ஜெயம்மாவைப் பார்த்தான். அவள் முந்தானையால் வாயை மூடியிருந்தாள்.

கடைசியில் மலையைப் பார்த்தான்.

வெள்ளைக்காரி ஏதோ கேட்டாள். அவள் டேப்லெட் இன்னும் திறந்தே இருந்தது.

“நத்திங் மேடம்,” என்றான்.

நான் அடுப்பின் மேல் கையை வைத்தேன். வெயிலில் சூடேறியிருந்தது.

சுதாகர் மறுபடி போனைத் தூக்கினான்.

“கொஞ்சம் சிரிங்க நைனா,” என்றான்.